எரியாமல் போன பேட்டரி விளக்கு

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. நான்கு சாலைகள் கூடும் இடத்தில் சிக்னல் பச்சைக்கு மாறியதுதான் தாமதம், மெதுவாக்காவின் கார் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுபோனது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் புதிதாகக் கல்யாணமானவர். மனைவி ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து போவது கூச்சமாக இருக்கிறதென்று மெதுவாக்காவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் சேர்ந்து கத்தத் தொடங்கியதும் அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க டீச்சர். சத்தியமா ஒண்ணுமே பண்ணல."

"கிளட்சைப் படக்குன்னு விட்டீங்க. அது பரவாயில்ல, எல்லாரும் பண்றதுதான். நியூட்ரல்ல போட்டுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். மறுபடி 'டக்'. வைப்பர் கண்ணாடியின் நடுவில் வந்து, போகவா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றுவிட்டது. மெதுவாக்கா எட்டி ஹாரனை அமுக்கிப் பார்த்தார். சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி முனகியது. பேட்டரி காலி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். புது மாப்பிள்ளையும் வழியில் போன இரண்டு பேரும் நனைந்துகொண்டே தள்ள, இவர் சுற்றி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, ஓடுகிற ஓட்டத்தில் கியரைப் போட்டு இன்ஜினை எழுப்பினார்.

அன்று ஆரம்பித்த தொல்லை அது. மழைக்காலம் முடிந்தும் விடவில்லை.

மெதுவாக்கா என்பது அவருக்கு வைத்த பெயரில்லை. 'மெதுவா... மெதுவா...' என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பதால், கற்றுக்கொண்டு போனவர்களில் யாரோ ஒருவர் வைத்து, ஊர் முழுக்க ஒட்டிக்கொண்ட பெயர். நானும் அவரிடம் கற்றவன்தான். முதல் நாள் ஒரு மதில் சுவரை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதும் அதே குரலில்தான் 'மெதுவா' என்றார். சுவருக்கு ஒரு சாண் முன்னால், தன் காலடியில் இருந்த பிரேக்கால் அவரே வண்டியை நிறுத்தினார்.

அந்தப் பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்கும். கீழே குறுக்காக ஓடும் ஓர் இரும்புத் தண்டு, அதை ஓட்டுபவரின் பிரேக்கோடு சேர்த்திருக்கும். இந்தத் தண்டைப் பொருத்தியவர் காரின் பழைய சொந்தக்காரர். அவர்தான் அந்தக் காலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். மெதுவாக்கா அவரிடம் போன் எடுக்கிற வேலைக்குத்தான் போய்ச் சேர்ந்தார். முதலாளிக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கியபோது, 'நீயும் பின்னால உக்காரும்மா' என்று கூட்டிப்போவார். இவர் பின்சீட்டிலிருந்து 'சார், இடது பக்கம் சைக்கிள்' என்பார். அவர் பிரேக் போடுவார். கொஞ்ச நாளில் அவருக்கே அலுத்துவிட்டது. 'என் கண்ணே நீதான்னு ஆனப்புறம் கால் மட்டும் என்னோடது எதுக்கு?' என்று சொல்லி, லைசென்ஸ் எடுக்கவைத்து, முன்னால் உட்காரவைத்துவிட்டார். பிறகு ஸ்கூலை மூடும்போது காரையும் இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அப்போதே பழைய கார். இப்போது கேட்கவே வேண்டாம். ஆனால் மெதுவாக்காவுக்கு அதன் மேல் ஒரு குறையும் கிடையாது. அவருக்குப் பொதுவாகவே எதன் மேலும் பெரிய குறை கிடையாது. கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். வீடு முழுக்கப் பசை வாசனை. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். காலையில் மூன்று நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் இன்னும் இரண்டு பேர். இது போதும் என்று இருந்தவர்.

மழையில் நின்ற அன்றே காரை ஒயரண்ணனிடம் கொண்டுபோனார். கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர் அவர். கடை என்பது ஒரு நீளமான அறை. சுவரெல்லாம் ஆணி, ஆணிக்கு ஆணி ஒயர்ச் சுருள். மனிதர் பொறுமைசாலி. பேட்டரியைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டீச்சரம்மா, இது கிழடு ஆயிடுச்சு. மாத்திடலாம்."

மாற்றினார்கள். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள், ஒரு கணக்கு வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் மறுபடியும் 'டக்'.

ஒயரண்ணன் இந்த முறை இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரைப் பேட்டரியில் வைத்து, ஆக்சிலேட்டரை நன்றாக அமுக்கி ரேஸ் கொடுத்துப் பார்த்தார். டைனமோ பேட்டரியை ஒழுங்காகச் சார்ஜ் பண்ணிக்கொண்டிருந்தது. மீட்டர் பதினாலு வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது.

"நல்லாத்தானே ஏறுது?"

"எனக்கும் அதாங்கண்ணே புரியல. உங்ககிட்ட வந்தா மட்டும் நல்ல புள்ளையா நடந்துக்குது."

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்டுப்போற மாதிரி," என்று சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பெல்ட்டை இறுக்கி அனுப்பினார். அடுத்த முறை டைனமோவையே கழற்றி, மேசையில் பூட்டி ஓடவிட்டுப் பார்த்தார். குறை ஒன்றுமில்லை. அதற்கும் அடுத்த முறை எர்த் கேபிளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு முறையும் கடையை விட்டுக் கிளம்பும்போது கார் பளிச்சென்று இருக்கும். ஒரு வாரம் ஓடும். சில சமயம் இரண்டு நாள்தான் தாங்கும். ஒருமுறை மாதக்கணக்கில் ஒன்றுமே ஆகாமல் இருந்து, எல்லாரும் மறந்த நேரம் பார்த்துக் காலை வாரியது.

"அம்மா, அந்த டப்பாவைத் தள்ளிவிட்டுட்டு வேற வாங்கு," என்று மகள் போனில் சொன்னாள்.

"தள்ளிக்கிட்டுத்தாண்டி இருக்கோம்," என்றார் மெதுவாக்கா.

தள்ளுவதற்கு ஆள் தேடி அலுத்துப்போனவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சரிவான இடத்தில் நிறுத்திவிட்டால் யாரும் தள்ள வேண்டாம். பிரேக்கை விட்டால் வண்டியே உருளும், கியரைப் போட்டால் கிளம்பிவிடும். ஊரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்பது அந்த வருஷத்தில் அவருக்கு அத்துப்படி ஆனது. தபால் ஆபீஸ் பக்கம் நல்ல சரிவு. மருந்துக்கடை வாசல் பார்க்கத்தான் சரிவு, நம்பினால் மோசம். கற்றுக்கொள்ள வந்தவர்களையும் சரிவிலேயே நிறுத்து, சரிவிலேயே எடு என்று பழக்கியதில், அந்த வருஷம் அவரிடம் படித்தவர்கள் மேட்டில் வண்டி எடுக்கிற பரீட்சையில் ஒருவர் விடாமல் தேறினார்கள். மற்ற டிரைவிங் ஸ்கூல்காரர்கள் இதில் ஏதோ தனிப் பயிற்சி இருக்கிறதென்று நினைத்து விசாரித்தார்களாம்.

இப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மா வந்து சேர்ந்தார்.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரின் மறுகோடியில் இருக்கும் அக்காவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. அவரை எங்காவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகவே அறுபது வயதில் கார் ஓட்டக் கற்க வந்திருந்தார். நல்ல மனுஷி. ஆனால் கிளம்ப மாட்டார். உட்கார்ந்ததும் இருக்கையைச் சரிசெய்வார். கண்ணாடிகளைத் திருப்புவார். பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்ப்பார். சாவியைப் பாதி திருப்பிவிட்டு, எதிரே இருக்கிற முள், விளக்கு எல்லாவற்றையும் வலமிருந்து இடமாக ஒரு பார்வை, இடமிருந்து வலமாக ஒரு பார்வை. அதற்குள் அடுத்த ஆள் வந்து தெருமுனையில் காத்துக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் 'மெதுவா' என்று சொன்னவர், நர்ஸம்மாவிடம் மட்டும்தான் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் "கொஞ்சம் சீக்கிரம்மா" என்று கெஞ்சினார்.

ஒரு நாள் காலை. வழக்கம்போல நர்ஸம்மா சாவியைப் பாதி திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இங்க சின்னதா ஒரு பெட்டி மாதிரி சிவப்பா எரியுமே, அது இன்னிக்கு வரலையே?"

"பேட்டரி படமா? அது வந்தாத்தாங்க பிரச்சினை. வரலைன்னா நல்லது. கிளம்புங்க."

"இல்லைங்க, தினமும் பாக்கறேனே. சாவியைத் திருப்பினதும் எரியும், ஸ்டார்ட் பண்ணினதும் அணைஞ்சிடும். போன வாரமும் ஒரு நாள் எரியல. அன்னிக்குத்தான் நாம தபால் ஆபீஸ் பக்கத்துல உருட்டி ஸ்டார்ட் பண்ணினோம்."

மெதுவாக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

"எங்க தியேட்டர்ல காலைல போனதும் முதல் வேலையே இதுதான்," என்றார் நர்ஸம்மா. "அலாரம் விளக்கெல்லாம் எரியுதான்னு போட்டுப் பாப்போம். எரியாம இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. விளக்கே செத்துப்போயிருக்கலாம் இல்லையா?"

மெதுவாக்கா கை நீட்டிச் சாவியை அணைத்துவிட்டு மறுபடி பாதி திருப்பினார். விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை திருப்பினார். எரியவில்லை. மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்தன, இது ஒன்றைத் தவிர. இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ரோட்டையும், ஓட்டுபவரின் கால்களையும் பார்த்தவர், எதிரே இருந்த முள்ளையும் விளக்கையும் பார்க்கவே இல்லை. போனை எடுத்து ஒயரண்ணனைக் கூப்பிட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து, "ஐயோ, நான் ஒரு மடையன்!" என்று ஒரு சத்தம். "டீச்சரம்மா, ஸ்டார்ட் பண்ணி அப்படியே இங்க கொண்டு வாங்க. வழியில ஆஃப் பண்ணாதீங்க. முக்கியமா ரேஸ் கொடுக்காதீங்க. இன்ஜின் உறுமவே கூடாது. உறுமினா இது சரியாயிடும், அப்புறம் நான் ஒண்ணுத்தையும் பாக்க முடியாது."

"உறுமாம ஓட்டணுமா?" மெதுவாக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கு ஏத்த ஆள் பக்கத்துலயே இருக்காங்க."

ஊர்வலம் போவது போல ஒரு பயணம் அது. சைக்கிள்கள் முந்திப்போயின. ஒரு தள்ளுவண்டிக்காரர் சமமாக வந்து, இவர்களைக் கொஞ்சம் கவலையோடு பார்த்துவிட்டு, முந்திப்போனார். நர்ஸம்மா நெற்றி வேர்க்க, முட்டையின் மேல் கால் வைத்திருப்பவர் மாதிரி ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூட இன்ஜின் குரலை உயர்த்தவில்லை.

ஒயரண்ணன் மீட்டரோடு வாசலிலேயே நின்றிருந்தார். ஓடுகிற இன்ஜினோடு பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டுக்கும் கீழே. சார்ஜ் ஏறவே இல்லை. இந்த நோயை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முகம் மலர்ந்துவிட்டது.

"இப்ப பாருங்க." உள்ளே கை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினார். இன்ஜின் உறுமியது. மீட்டர் துள்ளி எழுந்து பதினாலில் போய் உட்கார்ந்தது. கையை எடுத்த பிறகும் இறங்கவில்லை.

"இப்படித்தான் என்னை ஏமாத்தியிருக்கு. டைனமோ காலைல எழுந்திரிக்க ஒரு சின்ன உசுப்பல் வேணும். அந்த உசுப்பல் போறது இந்தச் சிவப்பு விளக்கு வழியாத்தான். விளக்கு எரியலைன்னா உசுப்பல் போகல, டைனமோ தூங்கிக்கிட்டே சுத்தும். பலமா ரேஸ் கொடுத்தா தானே முழிச்சுக்கும். நான் ஒவ்வொரு தடவையும் ரேஸ் கொடுத்துட்டுத்தான் மீட்டரைப் பாத்தேன். நானே எழுப்பிவிட்டுட்டு, எங்க தூங்குதுன்னு தேடியிருக்கேன். உங்ககிட்ட படிக்கிறவங்க யாரும் ரேஸ் கொடுக்கிறதே இல்ல. நீங்கதான் விடமாட்டீங்களே!"

பல்ப் நன்றாகவே இருந்தது. அப்படியானால் ஒயரில்தான் எங்கோ அறுபட்டிருக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைப் பாதி திருப்பிவைத்து, ஒயரண்ணன் மல்லாந்து படுத்துத் தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். நர்ஸம்மா டார்ச்சைப் பிடித்தார். "கட்டர்" என்று உள்ளிருந்து குரல் வந்ததும், பிடி சரியாக உள்ளங்கையில் பதியும்படி 'சட்'டென்று வைத்தார். "டேப்." அதுவும் வந்தது. ஒயரண்ணன் கேட்காமலேயே நெற்றி வியர்வையையும் ஒரு துணியால் ஒற்றிவிட்டார். ஒயரண்ணன் ஒரு கணம் வேலையை நிறுத்தி, "அம்மா, இந்த மாதிரி என்னை யாரும் கவனிச்சதே இல்லைங்க," என்றார்.

ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. விளக்கு இப்போது எரிந்துகொண்டும் இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த மெதுவாக்கா, வழக்கத்தில் தன் பிரேக்கின் மேல் காலை வைத்து அழுத்தினார்.

"அணைஞ்சிருச்சு!" என்றார் நர்ஸம்மா.

மெதுவாக்கா பதறிக் காலை எடுத்தார். விளக்கு ஒரு முறை மினுக்கிவிட்டு எரிந்தது. மறுபடி அழுத்தினார். அணைந்தது.

"அப்படியே இருங்க, காலை எடுக்காதீங்க," என்று அடியிலிருந்து குரல். "ஆ, இங்க இருக்கு பாருங்க."

அவருடைய பிரேக்கிலிருந்து குறுக்கே போகிற அந்த இரும்புத் தண்டின் முனையில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. பிரேக்கை அடிவரை அழுத்தும்போதெல்லாம் அது பக்கத்தில் போகிற ஒயர்க் கட்டில் போய் இடித்திருக்கிறது. இடித்து இடித்து, ஒரு மெல்லிய ஒயர் தோலுக்குள்ளேயே அறுந்து, தலைமுடி மாதிரி இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. இழை தொட்டுக்கொண்டிருந்தால் சார்ஜ் ஏறும். விலகி நின்றால், அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது டைனமோ தூங்கும்.

"அப்போ," என்றார் மெதுவாக்கா, கணக்குப் போட்டுக்கொண்டே, "நான் பலமா பிரேக் அடிச்ச நாளெல்லாம்..."

"அடிச்சிட்டு, ஆஃப் பண்ணி, மறுபடி ஸ்டார்ட் பண்ணின நாளெல்லாம்."

மெதுவாக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிக்னலில் நின்ற புது மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாசலில் மண் மேட்டை ஏறப்போன கணக்கு வாத்தியார், என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வர, சிரிப்பு அடங்கவே இல்லை. ஒரு வருஷமாக யார் யாரையோ சந்தேகப்பட்டிருக்கிறார். பேட்டரி விற்றவரை, பெல்ட்டை, மழையை. தன் கால் மேல் மட்டும் சந்தேகமே வந்ததில்லை.

ஒயரண்ணன் அறுந்த இடத்தை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டி, மேலே ஓர் உறை போட்டு, ஒயர்க் கட்டைத் தண்டுக்கு எட்டாத இடத்தில் இழுத்துக் கட்டினார். நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டை அறுத்து எறிந்தார். மெதுவாக்கா ஆசை தீரப் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். விளக்கு அசையவில்லை. ஸ்டார்ட் பண்ணியதும் பணிவாக அணைந்தது.

வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர் அட்டையில் பசை தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஆக, காரை ஓடவிடாம செஞ்சது நீதான்," என்றார்.

"ஆமாங்க. என்ன செய்யப்போறீங்க?"

"நான் என்ன செய்ய? உன்கிட்ட வந்து தப்பிச்ச சுவரையெல்லாம் கேட்டுப் பாரு, அதுங்க உன் பக்கம்தான் பேசும்."

அதற்குப் பிறகு அந்தக் கார் வழியில் நிற்கவில்லை. சமதரையில் நிறுத்திவிட்டு இறங்குவதற்கு மெதுவாக்காவுக்குத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

நர்ஸம்மா முதல் பரீட்சையில் தோற்றார். கொடுத்த நேரத்துக்குள் கிளம்பவில்லை என்பதுதான் காரணம். இரண்டாம் முறை வந்த அதிகாரிக்குப் பொறுமை இருந்தது, தேறிவிட்டார். சின்னதாக, கைமாறி வந்த ஒரு நீலக் கார் வாங்கினார். ஒயரண்ணன்தான் கூடப் போய், எல்லா ஒயரையும் முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தார்.

ஒரு விடுமுறை நாளில் நர்ஸம்மா வந்து மெதுவாக்காவைக் கூப்பிட்டார். அக்காவை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று. மெதுவாக்கா தயங்கினார். வேலை இல்லாமல், ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்காமல், சும்மா காரில் போய் அவருக்குப் பழக்கமே இல்லை. கணவர்தான், "போயிட்டு வாயேன்," என்று தள்ளிவிட்டார்.

அக்காவுக்கு நல்ல வாய். போகிற வழியெல்லாம் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு கடைகளின் பெயர்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்தார். "இங்க துணிக்கடை இருந்துதே, எப்போ எடுத்தாங்க?" என்று தங்கையை விரட்டிக் கேட்டார். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மூவரும் வேர்க்கடலை கொறித்தார்கள். தண்ணீரில் நாரைகள் நின்றன. முழங்கால் வலியைப் பற்றி அக்கா அன்று பேசவே இல்லை.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மெதுவாக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முதலில் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நர்ஸம்மா வளைவுகளில் நிதானமாகத் திருப்பினார். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டார். சொல்வதற்கு ஒன்றுமில்லை. பின்சீட்டில் அக்கா ஏதோ ஒரு பழைய சண்டையைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் மெல்ல மெல்லத் தூரமாகிக்கொண்டே போனது.

கண் விழித்தபோது கார் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. அக்கா பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. நர்ஸம்மா ஸ்டியரிங்கின் மேல் கைகளை வைத்துக்கொண்டு எதிர்வீட்டு மதிலில் நடந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிருக்கலாமேங்க," என்றார் மெதுவாக்கா, வெட்கத்தோடு.

"நல்லா தூங்கினீங்க. எழுப்ப மனசு வரல."

வாசலுக்கு வந்த கணவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். முன்சீட்டில் தலைமுடி கலைந்து, கன்னத்தில் சீட் பெல்ட்டின் தடத்தோடு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. காரில் மெதுவாக்கா தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

"உள்ள வாங்க, டீ போடறேன்," என்றார் அவர், மூவரையும் பார்த்து. அக்காவை இறக்கிவிட மெதுவாக்கா கதவைத் திறந்தார்.